கூத்துக்குக் கொண்டுபோகும் பை

பங்குனி பிறந்ததும் என் கேமரா பை வாசல் ஆணிக்கு வந்துவிடும். ஆடி முடியும்வரை திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் ஊர் ஊராகப் பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். பையில் ஒரு நிக்கான் டி750, 35 எம்எம் லென்ஸ், 50 எம்எம் லென்ஸ், மூன்று பேட்டரி, ஒரு பழைய துண்டு. ஃபிளாஷ் கிடையாது.

முதல் வருஷம் ஃபிளாஷ் இருந்தது. திரௌபதியின் துகிலுரியும் கூத்தன்று துரியோதனன் திரையை விலக்கிச் சபைக்கு வந்த நேரத்தில் நாலைந்து முறை அடித்தேன். விடிந்ததும், வேஷம் கலைத்துக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார். “தம்பி, உன் வெளிச்சம் பட்டா கொஞ்ச நேரம் எனக்குச் சபையே தெரியல. கால எங்க வைக்கிறோம்னு தெரியாம ஆடினேன்” என்றார். கோபமில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்தபடியே சொன்னார். கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் சுமந்துகொண்டு இரவெல்லாம் சுழல்கிறவர் அவர். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். முகத்தின் சிவப்பு வெளிறியிருந்தது. கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள் வெள்ளைப் பொட்டுகளாக எரிந்திருந்தன. பின்பாட்டுக்காரர்களை இருட்டு விழுங்கியிருந்தது. கூத்து நடந்த வெளிச்சம் ஒரு படத்திலும் இல்லை. அன்றோடு ஃபிளாஷை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

ஜூம் ஏன் இல்லை என்று இளைய நண்பர்கள் கேட்பார்கள். கல்யாண வீடுகளில் பார்க்கும் 24-70 எஃப் 2.8 நல்ல லென்ஸ்தான். ஆனால் அது ஏறக்குறைய 900 கிராம். என் 50 எம்எம் 185 கிராம், 35 எம்எம் 305 கிராம். எடைகூடப் பெரிதில்லை. எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ், எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். கம்பத்தில் கட்டிய இரண்டு மூன்று விளக்குகளை நம்பி வேலை செய்கிறவனுக்கு அது பெரிய சொத்து.

வேஷம் கட்டும் இடத்தில் 35 எம்எம். ஆட்டக்காரர்கள் தரையில் உட்கார்ந்து, கையில் சின்னக் கண்ணாடியோடு தங்கள் முகத்தைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். இடம் நெருக்கடி, நானும் தரையில்தான் உட்காருவேன். எழுதுகிற விரல், கண்ணாடிக்குள் பாதி துரியோதனன், பக்கத்தில் பொட்டு வைத்துக்கொள்ளும் கட்டியக்காரன், மூன்றும் ஒரே படத்தில் அடங்கும். ஆட்டம் தொடங்கினால் 50 எம்எம்முக்கு மாறி, பாயில் சுருண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொள்வேன்.

ஷட்டர் வேகம் இரவு முழுவதும் 1/100. காரணம் விளக்கு. பெட்ரோமாக்ஸ் காலம் போய் ட்யூப்லைட் வந்தது. இப்போது நான் போகும் ஊர்களில் எல்இடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி அதில் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். 1/500 வைத்தால் ஒரு படம் பளிச்சென்று விழும், அடுத்தது மங்கும். சிலவற்றில் முகத்தின் குறுக்கே பட்டை ஓடும். 1/100-இல் ஒரு முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடுவதால் படங்கள் ஒரே சீராக நிற்கும்.

ஆனால் அந்த வேகத்தில் சுழன்றாடுகிறவரைப் பிடிக்க முடியாது. கையும் பாவாடையும் கலங்கிவிடும். இதை வெகுநாள் குறையாகத்தான் நினைத்தேன். பிறகு மிருதங்கத்தைக் கேட்கத் தொடங்கினேன். சுற்று முடிந்து, தாளத்தை முடிக்கும் தீர்மானம் விழும்போது ஆட்டக்காரர் ஒரு கணம் நிற்பார். மார்பு ஏறி இறங்கும்; கண் மட்டும் சபையை அளக்கும். அப்புறம் தரு என்ற பாட்டை எடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அந்த நிற்றலுக்கு 1/100 தாராளம். முன்பெல்லாம் ஓர் இரவுக்கு இரண்டாயிரம் படம் எடுப்பேன். இப்போது நானூறுதான். அந்த நானூறில் கூத்து இருக்கிறது.

ஒளி அளவை கேமராவின் கணக்குக்கு விடுவதில்லை. சட்டத்தில் முக்கால்வாசி இருட்டாக இருந்தால், அது இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்து முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2 என்று கையாலேயே வைத்துவிட்டால் விடியும்வரை தொட வேண்டியதில்லை; விளக்கு மாறப்போவதில்லையே. எடுப்பது ரா கோப்பில். சிவப்பு அரிதாரம்தான் முதலில் வழிந்து விவரம் இழக்கும், அதனால் அரை ஸ்டாப் குறைத்தே எடுக்கிறேன். டி750-இல் இரண்டு கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். முன்பு ஒரு கர்ண மோட்ச இரவு மொத்தமாக ஒரு கார்டோடு போன பிறகு வந்த பழக்கம் இது.

பதினெட்டாம் போர் ஆடி முடியும்போது கிழக்கு வெளுக்கும். அப்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே கூடும் பாடுகளத்தில் புழுதி எழும். அங்கே லென்ஸ் கழற்றினால் சென்சாரில் தூசி விழுந்துவிடும். ஆகவே கோயில் திண்ணையிலேயே 35 எம்எம்மை மாட்டிக்கொண்டு இறங்குவேன். துண்டு அப்போதுதான் பைக்கு வெளியே வரும். பாதி கேமராவுக்கு, பாதி என் வியர்வைக்கு.

இந்த வருஷம் கூத்துப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபோனில் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உட்காருவதற்கு முன் ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள். ஆடுகிறவருக்குச் சபை தெரிய வேண்டும்.