நடுக்கம் நின்ற பிறகு

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை விடியற்காலை. 'டித்வா' புயலின் மழை விட்டபாடில்லை. கம்பளைப் பக்கம் மகாவலி ஊருக்குள் புகுந்திருந்தது. கழுத்தளவு தண்ணீரில் சன்னல் கம்பியைப் பிடித்தபடி இரண்டு மணித்தியாலம் நின்ற சாச்சாவைப் பொடியன்மார் கயிறு கட்டி இழுத்து, பள்ளி மேல்மாடியில் கொண்டுவந்து இருத்தினார்கள். பல் கிட்டித்து, உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது.

ஈரச் சாரமும் சேட்டும் அப்படியே இருக்க, நான் அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ், சூடு பிடிச்சிட்டுது" என்று எல்லாருக்கும் சொன்னவன் நான்தான். சாச்சா என்னை என் வாப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஏதோ குழறினார். களைப்பு, தூங்கட்டும் என்றேன்.

ஊர்த் தாதிப் பிள்ளையொன்று மற்றப் பக்கமிருந்து ஓடிவந்தது. "நடுக்கம் நிண்டது நல்லதுக்கில்ல மாமா. பேச்சும் குழறுது. தேய்க்க வேணாம். முதல்ல ஈர உடுப்பக் கழட்டுங்க."

1990 சுவசெரியவை அழைக்கத் தொலைபேசி வேலைசெய்யவில்லை. அம்புலன்ஸ் வரப் பாதையுமில்லை. அவரை நடக்கவிடாமல், குலுக்காமல், மடித்த விரிப்புகளின் மேல் கிடத்தினோம். உலர்ந்த சாரங்களைச் சுற்றி, தலையையும் மூடி, வெளியே பொலித்தீன் போர்த்தினோம். சுடுநீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வைத்தாள். நான் நீட்டிய பிளேன்ரீயை மறித்தாள். நினைவு தெளியாதவருக்குக் கொடுத்தால் புரைக்கேறுமாம்.

ஒரு கட்டத்தில் சாச்சா அசைவற்றுப்போனார். பெரியவர் ஒருவர் காதருகே கலிமாச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பிள்ளை கழுத்தில் விரலை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் காத்திருந்தாள். "இருக்கு. மெதுவா ஓடுது" என்றாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

லுஹருக்குப் பிறகு சாச்சா மறுபடி நடுங்கத் தொடங்கினார். அந்த நடுக்கத்துக்காக அழுதேன்.

பிறகுதான் விளங்கிக்கொண்டேன். உடம்பின் உள்வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலே ஆபத்து தொடங்குகிறது. நடுக்கம் உடம்பு தன்னைச் சூடாக்க நடத்தும் போராட்டம். 32 பாகையளவில் அதற்கும் தெம்பு போய்விடுகிறது. இதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். 2022 டிசம்பரில் வெப்பமான வடக்கு, கிழக்கிலேயே குளிர்மழையில் நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டன. நோர்வேயில் 1999இல் உறைந்த ஓடைக்குள் விழுந்த வைத்தியர் அன்னா போகென்ஹோல்மின் உடல் 13.7 பாகைக்கு இறங்கி, இதயமும் நின்றிருந்தது, அவர் பிழைத்தார். குளிர்ந்து கிடப்பவரைச் சூடாக்கிப் பார்க்காமல் மௌத்து என்று முடிவுகட்டுவது அவசரம்.

இன்னொன்றும் நெஞ்சில் உறுத்துகிறது. அன்று அதே மாடியின் மறுபக்கம் எங்கள் பெண்கள் ஈர அபாயாவோடு அஸர் வரை இருந்தார்கள். மாற்ற உடுப்பில்லை; மறைவுமில்லை. கேட்க அவர்களுக்கு வெட்கம், கேட்டுப்பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. சோறு எப்போது வரும் என்பதே எங்கள் கவலையாக இருந்தது.

இப்போது பள்ளி மாடியில் ஓர் அலுமாரி இருக்கிறது. சாரம், மக்சி, கம்பளி, பொலித்தீன். கூடவே ஒரு திரைச்சீலையும் கட்டுவதற்குக் கயிறும். ஜமாஅத்தில் சிலர் இதைக் கொஞ்சம் அதிகம் என்றார்கள். சாச்சா ஒன்றும் சொல்லவில்லை. திரைச்சீலைக்கான காசை அவர்தான் கொடுத்தார்.