மலை மேல் தீபம்... வீட்டுக்குள் புகை! திருவண்ணாமலையின் மழைக்கால மூச்சு

திருக்கார்த்திகை அன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் யாரும் எதிரில் வருபவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லாத் தலைகளும் மலையைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தர, 2,668 அடி உயரத்தில் இருக்கும் கொப்பரையில் நெருப்பு பற்றிக்கொள்கிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊர்க்காரர்கள் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள்.

அந்தக் கொப்பரையில் படியும் கரிகூட வீணாவதில்லை. ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, 'தீப மை' என்று பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். உச்சியில் எரிவதால் புகையை மலைக்காற்று கொண்டுபோய்விடும். ஆனால், கீழே ஜன்னல் சாத்திய சின்ன பூஜையறையில் எரிகிற கற்பூரத்தின் புகை எங்கே போகும்? அந்த அறையின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும். கொஞ்சம் அங்கே கறுப்பாகப் படிந்திருக்கும். மீதியில் ஒரு பங்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சுக்குள் போகிறது.

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. காற்றுக்கு உரியது காளஹஸ்தி. இருந்தாலும் கார்த்திகை மாதத்தில் இங்கே குடியிருப்பவர்களும் வந்து தங்குபவர்களும் கொஞ்சம் கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றித்தான்.

கடல் இல்லாத ஊரில் கடல் ஈரம்

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. புதுச்சேரிக் கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் இந்த ஊர் வெயில் பாறையையே வறுக்கும். ஆனால், ஐப்பசி பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையடிவாரத்தில் கொட்டுகிறது. சென்னைக்காரர்களும் நாகைக்காரர்களும் வருஷத்தின் பெரும்பகுதி அனுபவிக்கும் பிசுபிசுப்பு, இங்கே இரண்டு மூன்று மாதம் வந்து தங்கிவிட்டுப் போகும்.

அந்த ஈரம் எவ்வளவு கொடியதாக மாறும் என்பதை 2024-ல் ஊர் பார்த்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் கொட்டிய மழையில், மலைச்சரிவில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 13-ம் தேதி தீபம் ஏற்றப்பட்டபோது, பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

அது பேரிடர். வழக்கமான மழைக்காலத்தில் ஈரம் இவ்வளவு சத்தம் போடாது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி வைக்கும். பட்டுப்புடவையில் ஒரு மக்கல் வாடை வரும். ராத்திரி படுத்ததும் குழந்தைக்கு இருமல் தொடங்கும். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால், பூஞ்சைக்கும் தூசிப்பூச்சிக்கும் கொண்டாட்டம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இரண்டுமே ஆகாது. ஈரப்பதம் காட்டும் சின்ன மானி இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வயதானவர்களோ இளைப்பு உள்ளவர்களோ இருக்கும் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புகை வெளியேற ஜன்னலைத் திறக்க வேண்டும். ஆனால், மழை கொட்டும்போது திறந்தால் ஈரம் உள்ளே வரும். அதனால் பலரும் ஐப்பசியில் சாத்திய ஜன்னலைத் தை மாதம்தான் திறக்கிறார்கள். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், புகைதான். அடுப்போ கற்பூரமோ எரிகிற நேரத்தில் வெளியே மழை பெய்தாலும் ஒரு வழி திறந்தே இருக்க வேண்டும். ஈரத்தை விரட்ட, மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் மதிய நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். ஒரே பக்கம் திறந்தால் காற்று உள்ளே வந்து திகைத்து நிற்கும். அது போவதற்கும் ஒரு வழி வேண்டும்.

முற்றம் செய்த வேலை

மாடவீதிகளை ஒட்டிய தெருக்களில் நடந்தால், லாட்ஜ்களுக்கு நடுவே திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் இன்னும் கண்ணில் படும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கடைசியில் அடுக்களை, கொல்லை என்பது அந்தக் கால வீட்டின் அமைப்பு. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும். முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்பிப் போக, அந்த இடத்தை நிரப்பத் தெருப்பக்கத்துக் காற்று உள்ளே வரும். அடுக்களைக் கூரையில் புகைபோக்கி இருக்கும். மழைக்காலத்தில் முற்றம் முழுக்கத் தண்ணீர் என்று அலுத்துக்கொண்ட பாட்டிகள் உண்டு. ஆனால், விறகடுப்புப் புகையில் அந்தப் பாட்டிகளை ஓரளவாவது காப்பாற்றியதும் அதே முற்றம்தான்.

ஓரளவுதான். விறகுப் புகை எந்த வீட்டிலும் முழுசாக வெளியே போவதில்லை. இதைப் பக்கத்து மாவட்டத்திலேயே அளந்திருக்கிறார்கள். குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த 'ஹாப்பின்' ஆய்வில், இந்தியாவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை கள்ளக்குறிச்சியும் கடலோர நாகப்பட்டினமும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இங்கே அதை நடத்தியது. சுமார் பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மற்றவர்கள் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள்.

2022-ல் முடிவு வந்தது. விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள். எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு அது சுமார் 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! ஆனால், எதிர்பார்த்தபடி குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை. இதைப் படித்துவிட்டு 'அப்போ புகையால் ஒன்றுமில்லை' என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம்தான். அடுப்பை மாற்றிய பிறகும் அதைப்போல ஐந்து மடங்கு நுண்துகள் இருந்திருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டு விறகு, குப்பை எரிப்பு, கொசுவர்த்தி எல்லாம் சேர்ந்ததுதானே ஒருவர் சுவாசிக்கும் காற்று.

கொசுவர்த்தியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மலைக்குப் போட்ட மாலையோடு புகைப்பதை நிறுத்தியவரும், தங்கும் அறையில் கட்டிலுக்கடியில் சுருளைக் கொளுத்திக் கதவைச் சாத்திக்கொள்கிறார். கொசுவலை இருந்தால் இந்தப் பிரச்னையே இல்லை.

சாம்பிராணியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மழைநாளில் குளித்த கைக்குழந்தைக்குத் தலை காயத் தூபம் போடுவது பல வீடுகளில் வழக்கம். பிஞ்சு நுரையீரலுக்கு அந்தப் புகை வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கரித்துண்டு கனலும் தூபக்காலை மூடிய அறையில் விட்டுவிட்டுத் தூங்குவது அதைவிட ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

குகையிலிருந்து லாட்ஜ் வரை

மலையேறுகிறவர்கள் காற்றோட்டம் என்றால் என்ன என்பதை அரை மணி நேரத்தில் உடம்பால் தெரிந்துகொள்ளலாம். ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை தங்கியிருந்த விருபாட்ச குகைக்குள் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்க்கும். அந்தக் கதகதப்பே தியானத்துக்கு ஏற்றது என்பவர்கள் உண்டு. அங்கிருந்து இன்னும் மேலே ஏறினால் கந்தாஸ்ரமம். 1922 வரை அவர் இருந்த இடம். சுனை நீர், மரநிழல், கீழே கோயில் கோபுரங்களும் ஊரும் விரிந்து கிடக்கிற காட்சி. வீசுகிற காற்றில் வியர்வை அடங்கிவிடும்.

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வருகிறவர்களின் லாட்ஜ் அறைகள் பெரும்பாலும் முதல் ரகம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து நனைந்து வருவார்கள். இருவர் அறையில் ஆறு பேர். ஈரத்துணி எல்லாம் மின்விசிறிக்கடியில் தொங்கும். அந்தத் துணியில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் அறையின் காற்றுக்குத்தான் போகிறது. ஏ.சி. போட்டால் ஈரம் குறையும், ஆனால் சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஆறு பேர் விட்ட மூச்சையே ஆறு பேரும் திரும்ப இழுக்க வேண்டியதுதான். விடிந்ததும் தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லி நடைக்களைப்பின் மேல் பழி போடுவார்கள்.

அறை எடுக்கும்போது 'வெந்நீர் வருமா' என்று கேட்பவர்கள், 'ஜன்னல் திறக்குமா' என்றும் கேட்கலாம். கட்டிலுக்குப் பின்னால் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். சில்லென்று ஈரமாக இருந்தால், மக்கல் வாடை அடித்தால், வேறு அறை கேட்பதில் தப்பில்லை.

சொந்த வீட்டில் பூஞ்சை வந்தால், முதலில் மொட்டைமாடி ஒழுகலை அடைக்க வேண்டும். பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். ஈரச்சுவரின் மேலேயே பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு, அடுத்த கார்த்திகைக்குள் உப்பிக்கொண்டு உரியும்.

பழைய வீடுகளில் பெயின்ட் கிடையாது, சுண்ணாம்புதான். அதில் ஈரம் தங்காமல் ஆவியாகிப் போகும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் எளிதில் வளராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர், மார்கழியில் மெல்லக் காய்ந்து வரும். பொங்கலுக்கு முந்தைய வாரம் வீட்டிலுள்ள அத்தனை சாமானையும் வாசலில் தூக்கிப் போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, சுவர் முழுக்க வெள்ளையடிப்பார்கள். பூஜையறைக் கூரையில் படிந்த தீபக் கரியும் அன்றைக்குத்தான் போகும்.