35 மி.மீ. ஓட்டையும் அப்பாவோட மெஷினும்

ஆபீசுல புடுங்குற ஆணி பத்தாதுன்னு வீட்லயும் கொஞ்சம் புடுங்கினேன் மக்களே. சமையலறை அலமாரிக்கு 8 கதவு. கடையில 'ஆட்டோ ஹிஞ்ச்'னு கேட்டா தருவாங்களே, கிண்ணம் வெச்ச கீல், அது கதவுக்கு ரெண்டு. ஆக 16 ஓட்டை. ஒவ்வொண்ணும் 35 மி.மீ. அகலம், 12.5 ஆழம், நடுப்புள்ளி கதவு விளிம்புல இருந்து 22.5. மைக்காவோட சேர்த்துப் பலகையே 18 தான். கொஞ்சம் அழுத்திட்டா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும்.

கை டிரில்லுல ஒரு துண்டுப் பலகையில போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 14. தங்கமணி பார்த்த பார்வை இருக்கே... விடுங்க.

அப்பதான் அப்பாவோட பெஞ்ச் டிரில்லிங் மெஷின் ஞாபகம் வந்துச்சு. கோயம்புத்தூர்ல பட்டறையை மூடினப்ப லேத்தெல்லாம் வித்தாச்சு. இது மட்டும் ஷெட்டுல சாக்கு போத்திக் கிடந்துது. இரும்பைத் தவிர எதையும் தொடாத மெஷின். சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றதா ஏற்பாடு. அப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

மெஷினோட மேசை ரொம்பச் சின்னது. அதுமேல ஒரு பிளைவுட்டை போல்ட் போட்டு இறுக்கி, பின்னாடி நேரான ரீப்பர் கட்டையைத் தடுப்பா வெச்சேன். பிட்டோட நடுவுல இருந்து தடுப்புக்கு 22.5. கதவு எவ்வளவு நீளமா இருந்தா என்ன, ஓட்டை விளிம்புலதானே! நீட்டிக்கிட்டு நிக்கிற முனைக்கு ஒரு முக்காலி. மேல் கீல், கீழ் கீலுக்கு நடுவுல இருந்து 100 மி.மீ. தள்ளி வலது ஒண்ணு, இடது ஒண்ணுன்னு ரெண்டு கட்டை. ஆழத்துக்கு மெஷின்லயே நட் இருக்கு, அதுக்கு மேல பிட் இறங்காது. பெல்ட்டை மாத்திப் போட்டு வேகத்தையும் குறைச்சேன். (மாத்தாம ஓட்டினப்ப பலகை கருகின வாசனை தனிக்கதை.)

முதல் ஓட்டை கச்சிதம். கதவைத் திருப்பினா மைக்காவுல சின்னதா ஒரு கொப்புளம்!

சத்தம் கேட்டு அப்பா வந்துட்டார். ஓட்டைக்குள்ள விரலை விட்டுத் தடவினார். அப்புறம் பிட்டைப் பார்த்தார். அதோட நடு மூக்கு மட்டும் 5 மி.மீ. நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

"ஆழம் சரிதான் சாமி. மூக்கையும் சேர்த்தில்ல கணக்குப் போடோணும்?"

சாணைக்கல்லுல வெச்சு 2 மி.மீ. குறைச்சு, மறுபடி கூராக்கி அவரே மாட்டினார். மீதி 15 ஓட்டையும் அவர்தான் போட்டார். நான் கதவு பிடிச்சதோட சரி.

இரும்புக்காரருக்கு ஃபோன் பண்ணி, பழைய சைக்கிளை மட்டும் எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். கொப்புளம் விழுந்த கதவு சிங்குக்குக் கீழ இருக்கு. தங்கமணி இன்னும் கவனிக்கலை, நீங்களும் சொல்லிடாதீங்க.