ஜன்னலும் தியாகமும்

'தியாகம்' என்ற சொல்லின்மேல் எனக்குச் சந்தேகம் வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது. 2020 மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் மாடிக்கு மாடி நின்று தட்டில் கரண்டியால் தட்டினார்கள். டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் நன்றியாம். அடுத்த மாதமே சென்னையில், கொரோனாவில் இறந்துபோன ஒரு டாக்டரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் தாக்கிற்று. இரண்டும் எதிரெதிரான காரியங்கள் போலத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் இரு சாராரும் ஒன்றுதான். அந்த மனிதர்கள் வேலை செய்கிற அறை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

என் அக்கா ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நெஞ்சுநோய்ப் பிரிவில் ஆறு வருஷம் இருந்தாள். 2017இல் அவளுக்கே காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை, குணமாயிற்று. "இந்த உத்தியோகம்னா அப்படித்தாண்டா" என்று முடித்துவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். பத்தடிக்குப் பத்தடி. ஒரே ஜன்னல், அதையும் ஒரு பீரோ மறைத்திருந்தது. நோயாளி மேஜைக்கு எதிரே, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து இருமுவார். மேலே மின்விசிறி அந்த இருமலை அறை முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். அவள் திரும்பி வேலைக்குப் போனபோது தியாகத்தைப் பாராட்டிச் சால்வை போர்த்தினார்கள். பீரோ இருந்த இடத்திலேயே இருந்தது.

உருவமா, உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகளில் ஓயாமல் சண்டை போட்டிருக்கிறோம். உருவம் என்றால் மேற்பூச்சு என்று இன்னமும் நினைக்கிறவர்களுக்கு நான் ஒரு பரிசோதனை அறையைத்தான் காட்டுவேன். டாக்டர் அதே டாக்டர், நோய் அதே நோய். கூரையின் உயரமும் ஜன்னலின் இடமும் நாற்காலியின் திசையும் மாறினால் விளைவு மாறிவிடுகிறது.

காசநோய் காற்று வழியே பரவுகிறது என்பது 1950களின் பிற்பகுதியில்தான் திட்டமான சோதனையில் நிரூபணமாயிற்று. பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்பவர், ஆறு படுக்கைகள் கொண்ட ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் மூலம் மேலேயிருந்த கூண்டுகளுக்குச் செலுத்தினார். கூண்டுகளில் கினிப் பன்றிகள். அவை எந்த நோயாளியையும் பார்த்ததில்லை, தொட்டதில்லை. சுவாசித்தன, நோய் கண்டன. அந்தக் கூண்டுக்கும் என் அக்காவின் அறைக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம், கூண்டை ஒருவர் யோசித்துக் கட்டியிருந்தார் என்பதே.

அதே காலத்தில் சென்னையில் வேறொரு உண்மை வெளிப்பட்டது. 1956இல் தொடங்கிய ஓர் ஆய்வின் முடிவு 1959இல் வந்தது. நெருக்கடியான வீட்டில் இருந்துகொண்டு மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் நல்ல காற்றும் சாப்பாடும் பெற்று அதே மருந்தைச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். ஏழை நாடுகளின் வைத்தியத்தையே மாற்றிய உண்மை இது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நோயாளி குணமாகக் காற்று அவசியமில்லை என்று அறிந்தபோது, பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு அது அவசியம் என்பதும் சேர்ந்து மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன்.

2007இல் ராட் எஸ்கோம்பும் சகாக்களும் பெரு நாட்டு லிமா நகரின் 8 ஆஸ்பத்திரிகளில் 70 அறைகளின் காற்றோட்டத்தை அளந்து எழுதினார்கள். ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்தால் அறையின் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. எந்திரம் வைத்துக் காற்றை உறிஞ்சும் தனியறைகளுக்கு விதிக்கப்பட்டிருந்த அளவு 12 தடவைதான். அதைவிட ஆச்சரியம், ஐம்பது வருஷத்துக்கு முந்திய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட அறைகளில் 40 தடவை. புதுக் கட்டடங்களில் 17. தொற்றும் அபாயத்தை அவர்கள் கணக்கிட்டபோது எந்திர அறையில் நூற்றுக்கு 39 பேர், பழைய அறையில் 11 பேர் என்று வந்தது.

அந்தப் பழைய அறைகளின் பின்னால் இருந்த மரபைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. 1859இல் ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஃப்ளாரென்ஸ் நைட்டிங்கேல், நோய் கெட்ட காற்றிலிருந்து பிறக்கிறது என்று நம்பியவர். சித்தாந்தம் தப்பு, ஜன்னல் சரி. கிருமியைக் கண்டுபிடித்தபின் சித்தாந்தம் சரியாயிற்று. ஜன்னலை அடைத்து ஏ.ஸி. மாட்டினோம். சாதாரண ஏ.ஸி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளேயிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. சித்தாந்தத்தை மட்டும் உரசிப் பார்த்துப் படைப்பை எடைபோடும் நம் விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கொரோனா காலத்தில் கண்ணாடிக் கூண்டுகள் வந்தன. 2020 மார்ச்சில் சியோல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளியைக் கூண்டுக்குள் நிறுத்தி, வெளியிலிருந்து ரப்பர் கையுறை வழியே கைவிட்டுச் சளி எடுத்தார்கள். ஏப்ரலில் எர்ணாகுளத்தில் இதைத் திருப்பிப்போட்டார்கள்: ஊழியர் உள்ளே, நோயாளி வெளியே. நோயாளி உள்ளே என்றால் ஒவ்வொருவருக்குப் பிறகும் கூண்டு முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டும். ஊழியர் உள்ளே என்றால் கையுறையையும் நாற்காலியையும் துடைத்தால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் கண்ணாடியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். காது மந்தமான பென்ஷன்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்துவார், நான் இந்தப் பக்கம் கத்துவேன். இருவருக்கும் கோபம் வரும். கோபம் கண்ணாடிமேல்தான் என்று இருவருக்கும் தெரியாது. சளி எடுக்கக் கூண்டு போதும். வயிற்றை அழுத்திப் பார்க்க, முதுகில் காது வைத்துக் கேட்க, மகள் செத்துப்போனாள் என்று சொல்ல, அது போதாது.

1816இல் பாரீஸில் லென்னக் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார்; ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அந்தக் குழாய் விலக்கவும் செய்தது, நெருக்கவும் செய்தது. லென்னக் 1826இல் காசநோயில், 45 வயதில் இறந்தார். குழாய் காதைக் காப்பாற்றும், மூச்சைக் காப்பாற்றாது. அறைதான் அதைச் செய்யவேண்டும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. காற்று முதலில் ஊழியரின் பக்கம் வந்து, பிறகு நோயாளியைக் கடந்து, ஜன்னல் வழியே வெளியேறும்படி நாற்காலிகளைப் போடவேண்டும். சளி எடுக்கும் இடம் திறந்தவெளியில், ஒரு கூரையின் கீழ் இருக்கலாம். புறநோயாளிப் பிரிவில் ஆளுக்கு விநாடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் சொல்லியிருக்கிறது. பீரோவை நகர்த்தினால் அதில் கொஞ்சமாவது உள்ளே வரும். முகமூடி வேண்டாம் என்பதல்ல. ஆனால் முகமூடி ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டிய ஒன்று. ஜன்னல் ஒருவர் ஒரு தடவை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பெருக்க வருகிற ஆயாவுக்கும் சேர்த்து அது வேலை செய்யும்.

காற்றுக்கும் குறைகள் உண்டு. சில நாள் வீசாது. கொசு வரும். மழை நாளில் நோயாளியே ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார் என்கிறாள் அக்கா. இப்போது அவள் வேலை பார்க்கும் இடத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறது. முன்பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. சாரல் உள்ளே வராமல் காற்றை மட்டும் விடுகிற ஸன்ஷேட் போட நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தெரியும். யாராவது அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.