அளக்கிற கோலும் அளக்கப்படட்டும்



மாதிரி விமானம் கட்டுகிறவர்களுக்கு, அதைப் பறக்கவிடும் நாளைக் காட்டிலும் அதற்கு முந்தின மாலையே முக்கியமானது. அன்றுதான் விமானத்தின் ஈர்ப்பு மையம் பார்க்கப்படுகிறது. சாதாரணப் பயிற்சி விமானம் ஒன்றில் அந்த மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே அமையவேண்டும். அகலம் 24 செ.மீ. என்றால், 6 முதல் 8 செ.மீ. வரை. மூக்கு சற்றுக் கனமாயிருந்தால் விமானம் சோம்பலாய்ப் பறக்கும். ஆனாலும் பத்திரமாய் இறங்கிவிடும். வால் கனமாயிருந்தாலோ, கைக்கு அடங்காமல் நிமிர்ந்து, வேகமிழந்து விழும். மாதக்கணக்கான உழைப்பு சில நொடிகளில் நொறுங்கும். கீழே ஆள் நின்றால் அது அதனினும் பெரிய கேடு.

இந்தப் பொழுதுபோக்கு எனக்கு உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். நம் சபை வாலிபர் ஒருவரும் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்து, மாதிரி விமானம் கட்டக் கற்றுவருகிறார். தகப்பனில்லாத வீடு, தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். அவர்களுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். சென்ற மாதம் அந்தத் தாயார் என்னிடம் வந்தார். “ஐயா, சமநிலை பார்க்கிற கருவி ஒன்று வேண்டுமாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் கடையில் வாங்கியிருக்கிறார்களாம். மகளுடைய கட்டணத்துக்கு வைத்த சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கட்டுமா? நீங்கள் சொன்னால் சரி” என்றார்.

தொகை பெரிதல்ல. கேள்வி சிறிதும் அல்ல. அந்த வாலிபர் செய்துவைத்திருந்த கருவியைத் தோழர்கள் கண்டு சிரித்திருந்தார்கள்.

அது என்ன கருவி? ஒரு மரப்பலகையில் இரண்டு துளை, அவற்றில் ஒரே உயரத்தில் நிமிர்த்தி வைத்த இரண்டு பென்சில்கள், மேல்முனையில் ரப்பர். இறக்கையின் அடியில், உடற்பகுதியின் இருபுறமும் ஒரே தூரத்தில் குறியிட்டு, அந்தக் குறிகளில் விமானத்தைத் தாங்கவைத்தால், அது மூக்குப்பக்கமோ வால்பக்கமோ சாயும். நடுவில் நின்றால் மையம் அங்கே இருக்கிறது. கடையில் விற்கும் கருவி செய்வதும் இதுவே. அதில் அளவுகோல் பொறித்திருக்கும். தாங்கிகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம். மின்னணுக் கருவிகள் எடையைப் பார்த்துக் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கையும் நாமே போடலாம். 2000 கிராம் விமானத்தில் வால்சக்கரத்தின்மேல் 200 கிராம் இறங்கி, முன்சக்கரங்களுக்கும் வால்சக்கரத்துக்கும் இடையே 70 செ.மீ. இருந்தால், மையம் முன்சக்கரங்களுக்கு 7 செ.மீ. பின்னே இருக்கிறது. ஒரு சமையலறைத் தராசு போதும். கனத்த விமானத்தைக் கம்பிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டைப்போல ஒரு நூலை இறக்கி, அது தொடும் இடத்தைப் பார்ப்பவர்களும் உண்டு.

வெளிநாட்டிலிருக்கும் என் மைத்துனர் அன்பளிப்பாய்த் தந்த கருவி என்னிடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை இரண்டையும் என் மேசைமேல் வைத்தோம். இறக்கை கீழே அமைந்த விமானம் அது. ஆகவே தலைகீழாய்த் திருப்பி வைத்தோம். எடை தாங்குமுனைக்குக் கீழே இருந்தால்தான் விமானம் கவிழாமல் நிலைத்து நிற்கும். ஒவ்வொன்றிலும் மூன்று முறை எடுத்து வைத்துப் பார்த்தோம். கடைக்கருவிக்கும் பென்சிலுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வேற்றுமை.

ஆனால் இரண்டும் சேர்ந்து சொன்ன செய்தி இனிமையானதல்ல. வால் கனமாயிருந்தது. 1500 கிராம் விமானம். பேட்டரியைக் கூடுமானவரை முன்னே தள்ளியபின்பும் மையம் அரை செ.மீ. பின்னே நின்றது. அதைச் சரிசெய்ய, மையத்திலிருந்து 25 செ.மீ. முன்னேயுள்ள மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்கவேண்டும். எடை குறைக்க வேண்டுமென்று ஒவ்வொரு கட்டையையும் துளையிட்டு இழைத்தவருக்கு அது கசந்தது. “ஐயா, மின்னணுக் கருவியில் பார்த்தால் வேறே மாதிரி காட்டுமோ?” என்று கேட்டார்.

“தம்பி, கருவியை நம்பாமல் கேட்கிறீர்களா, அது சொன்னது பிடிக்காமல் கேட்கிறீர்களா?” என்றேன். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, ஈயத்தை எடுத்தார்.

கையால் செய்ததெல்லாம் உத்தமம் என்று நான் சொல்லவில்லை. புரொப்பெல்லரைச் சமன்செய்வதற்கு அவர் ஒரு கம்பியும் இரண்டு சவர அலகுகளும் வைத்திருந்தார். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேலாகச் சுழலக்கூடியது. சிறு பேதமும் விமானத்தையே அதிரவைக்கும். நாங்கள் ஒரு சோதனை செய்தோம். கம்பியை அசைக்காமல், புரொப்பெல்லரை மட்டும் கம்பியின்மேல் அரைச்சுற்றுத் திருப்பினோம். முன்பு தாழ்ந்த அலகே மறுபடியும் தாழ்ந்தால் குறை அலகில். மற்ற அலகு தாழ்ந்தால் குறை கம்பியில். மற்ற அலகு தாழ்ந்தது. கம்பி வளைந்திருந்தது. அதற்கு என்னுடைய காந்தக் கருவியை இரவல் கொடுத்தேன். அதையும் அதேவிதமாய்ச் சோதித்த பிறகுதான் பயன்படுத்தினோம்.

மில்டன் ரைட் என்ற அமெரிக்கப் பேராயர் 1878ஆம் ஆண்டில் தம் பிள்ளைகளுக்குப் பறக்கும் பொம்மை ஒன்று வாங்கிவந்தார். அந்தப் பிள்ளைகளே ரைட் சகோதரர்கள். 1901இல் அவர்களுடைய கிளைடர், அச்சிட்ட அட்டவணைகளின் கணக்குப்படி எழும்பவில்லை. அவர்கள் ஆறடி நீள மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் அமைத்து, இரும்பறுக்கும் இரம்பத்தின் அலகுகளாலும் சைக்கிள் ஆரக்கம்பிகளாலும் தராசு செய்து, இறக்கை வடிவங்களைத் தாங்களே அளந்தார்கள். அந்த எளிய தராசு சொன்னதற்குக் கீழ்ப்படிந்தே 1903இல் பறந்தார்கள்.

நீதிமொழிகளின் புத்தகம் கள்ளத்தராசைக் கண்டிக்கிறது. தராசை எங்கே வாங்கினாய் என்று அது கேட்கவில்லை. உண்மையானதா என்றே கேட்கிறது. நாம் பிள்ளைகளை அளக்கிறோம், மருமகளை அளக்கிறோம், அயலாரை அளக்கிறோம். அவர்களைக் குறைவாய்க் காட்டும் கோலை நாம் எப்போதாவது திருப்பிவைத்துப் பார்த்ததுண்டா? அதே செயலை நம் சொந்த மகன் செய்திருந்தால் அதே எடை காட்டுமா? இல்லையென்றால் வளைந்திருப்பது நம் கம்பி. கோல் உண்மையானதென்று தெரிந்தபின், நம்மைக் குறித்து அது சொல்லுகிறதை ஏற்றுக்கொள்ளாமல் வேறொரு கோலைத் தேடுகிறோமா என்றும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

சீட்டுப் பணம் மகளின் கட்டணத்துக்கே போனது. இந்த வாரத்தில் யாரையாகிலும் நிறுத்துப் பார்க்கத் தோன்றும்போது, முதலாவது நம் தராசைச் சோதிப்போமாக.