பாட்டியின் அலமாரி

பினாங்கு சென்றால் சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பெரானாக்கான் மாளிகையைப் பாருங்கள். காப்பித்தான் சுங் கெங் குவீ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு, இன்று அருங்காட்சியகம். முத்துச்சிப்பி பதித்த மரச் சாமான்கள் அங்கே கண்ணாடிபோல் மின்னுகின்றன.

எளியவர் வீட்டு அலமாரிகளுக்கு அந்த யோகம் இல்லை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு நீங்கியதும் வாடகை ஏறியது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த பலர் வெளியேறினார்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் பெரிய அலமாரி நுழையுமா? விற்றவர்களும் உண்டு, விட்டுப் போனவர்களும் உண்டு.

தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வந்த நமக்கும் இது தெரிந்த கதைதானே! எங்கள் பாட்டியின் சாப்பாட்டு அலமாரி மட்டும் தப்பியது. எறும்பு ஏறாமல் அதன் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்பார். மேல்தட்டில் கருவாடும் ஊறுகாயும். இழுப்பறையில் பிறப்புப் பத்திரங்கள். ஒரு பத்திரம் இல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பெற்றோர் படும் பாட்டை, ஆசிரியராக நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே பழைய அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, ஈரம் படாமல் வையுங்கள். கரையான் வந்தால் உடனே தெரியும். வியாபாரி விலை கேட்டு வந்தால் அவசரப்படாதீர்கள். முதலில் இழுப்பறையைத் திறந்து பாருங்கள்.