கேட்காமல் விட்ட கேள்வி

2015ஆம் ஆண்டு, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பதினைந்து வயது மாணவருக்கு 'பீஸா' பரீட்சை நடந்தது. விஞ்ஞானமே அம்முறை முதன்மைப் பாடம். அதனோடு ஒரு வினாக்கொத்தும் கொடுத்தார்கள். முப்பது வயதளவில் என்ன தொழிலில் இருப்பாய் என்பது அதில் ஒரு வினா. புள்ளி கிடைக்காத வினா எதற்கென்றுதான் முதலில் எண்ணினேன்.

முடிவுகளைப் படித்தபோது விளங்கியது. பரீட்சையை நடத்திய அமைப்பின் உறுப்பு நாடுகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் விஞ்ஞானத் தொழிலை எதிர்பார்த்தார். ஆணும் பெண்ணும் இதில் கிட்டத்தட்டச் சமம். ஆனால் ஆண்பிள்ளைகள் பொறியியல் பக்கமும் பெண்பிள்ளைகள் வைத்தியத்துறைப் பக்கமும் சாய்ந்திருந்தனர். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைப் புள்ளி காட்டும். எங்கே போக நினைக்கிறது என்பதைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

இலங்கை அதில் பங்குபற்றவில்லை. ஆனாலும் அந்த வினா என்னைச் சுட்டது.

எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்த மாணவி ஒருத்தி கலைப்பிரிவில் வந்து அமர்ந்தாள். நானும் சந்தோஷமாகப் பெயரைப் பதிந்தேன். ஆறு மாதம் கழித்து, உயிரியல் படிக்கத்தான் ஆசையாக இருந்தது என்றாள்.

"ஏன் புள்ள சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே, சேர்."

இப்போது பதினோராந் தரத்தில் முதலாந் தவணையிலேயே ஒரு தாளைக் கொடுத்துக் கேட்கிறேன். பிறகு வாப்பா, உம்மாவை அழைத்து, நகரப் பாடசாலை பற்றியும் பஸ் செலவு பற்றியும் பேசுகிறேன். சிலருக்குச் சரிவருகிறது, பலருக்கு இல்லை. அவளிடம் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.